இரைப்பு நோயும் ஈஸ்னோபில் அணுக்களும்

மழைக்காலம் தொடங்கிவிட்டால், நம் நெசவாளர் தெருக்களில் தறியின் ஓசை அடங்கிய பின்னரும் அடங்காத ஓசை ஒன்று உண்டு. அது இருமல். படுத்தவர் எழுந்து உட்காருவதும், சுவரில் சாய்ந்து மூச்சை இழுப்பதும், நெஞ்சிலிருந்து சீழ்க்கை போன்ற ஒலி எழுவதும், விடியும் தறுவாயில் சற்றே கண்ணயர்வதும் பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டன. இதனை நம் முன்னோர் இரைப்பு என்றும் ஈளை என்றும் வழங்கினர். ஆங்கில மருத்துவம் ஆஸ்துமா என்கிறது. இவற்றோடு இன்னொரு பெயரும் புதுச்சேரி வட்டாரத்தில் வேரூன்றியிருக்கிறது. தும்மல் வந்தாலும், தூசி ஒவ்வாமற் போனாலும், ஈரக்காற்றில் இருமினாலும், "எனக்கு ஈஸ்னோபீலியா" என்று தாமே சொல்லிக்கொண்டு மருந்துக் கடையை நோக்கி நடப்பவர் பலராவர்.

அண்மையில் நம் அங்கத்தினர் ஒருவர் இரத்தப் பரிசோதனைச் சீட்டொன்றைக் கொணர்ந்து நம்மிடம் காட்டினார். அதில் வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கை 8,000 என்றும், அவற்றுள் ஈஸ்னோபில் நூற்றுக்கு 9 என்றும் கண்டிருந்தது. "எங்கள் சித்தப்பாவுக்கும் இதே ஈஸ்னோபீலியாதான் ஐயா. மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்டார், அடியோடு போய்விட்டது. அதே மாத்திரையை நானும் வாங்கிச் சாப்பிட்டால் என்ன?" என்பது அவர் கேள்வி.

கேட்கத்தக்க கேள்விதான். அதற்கு விடை "கூடாது" என்பதே. ஆயின் ஏன் கூடாது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட இயலாது. இரத்தத்திலுள்ள ஓர் அணு எவ்வாறு மூச்சுக் குழலுக்குப் பகையாகிறது என்பதையும், நம் கடற்கரைப் பகுதியின் சாக்கடைக் கொசுவுக்கும் இரவு இருமலுக்கும் உள்ள தொடர்பையும் அறிந்தாலன்றி அவ்விடை விளங்காது.

ஈஸ்னோபில் என்பது நோயின் பெயரன்று. நம் ஒவ்வொருவர் இரத்தத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்களுள் ஒரு வகையின் பெயர் அது. அப்பெயர் வந்த வரலாறு சாயத்தோடு பழகிய நமக்கு உவப்பளிப்பதாகும். புதுச்சேரியில் அவுரி நீலம் ஏற்றிய கினித் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜெர்மனியில் நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயங்களை வடித்தெடுக்கத் தொடங்கினர். அவற்றுள் ஒன்று, பட்டுக்கும் கம்பளிக்கும் இளஞ்சிவப்பு ஏற்றுவதற்கு ஏற்பட்ட இயோசின். விடியலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் இது. பால் எர்லிக் என்னும் இளம் மருத்துவர் துணிக்குரிய இச்சாயங்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்த இரத்தத்துளிக்கு ஏற்றிப் பார்த்தார். ஒருவகை வெள்ளணுவின் உள்ளே இருந்த மணிகள் மட்டும் இயோசினைப் பற்றிக்கொண்டு செக்கச்செவேலென ஒளிர்ந்தன. 1879இல் அவர் அதற்கு இயோசினை விரும்பும் அணு என்று பெயரிட்டார். அதற்கு முந்திய ஆண்டிலேயே, உடலின் திசுக்களில் மணிகள் நிறைந்து கொழுத்திருந்த வேறோர் அணுவையும் சாயமேற்றிக் கண்டு, மாஸ்ட் அணு என்று குறித்திருந்தார். எந்த நூல் எந்தச் சாயத்தைப் பற்றும் என்பது நம் சாயத்தொட்டிக்காரர்களுக்குத் தெரியும். அதே அறிவுதான் மருத்துவத்தில் இவ்வளவு பெரிய கதவைத் திறந்தது.

ஈஸ்னோபில் அணுவுக்கு இயற்கை வகுத்த வேலைகளுள் முக்கியமானது, உடலுக்குள் புகுந்த புழுக்களை எதிர்ப்பது. நுண்கிருமிகளைப் பிற வெள்ளணுக்கள் விழுங்கிவிடும். புழுவோ விழுங்கத்தக்க அளவுடையதன்று. ஆகவே ஈஸ்னோபில்கள் அதனைச் சூழ்ந்துகொண்டு, தம் மணிகளில் அடைத்து வைத்திருக்கும் நச்சுப் புரதங்களை அதன்மேல் கொட்டுகின்றன. புழு இருக்குமிடத்தில் இது காவல். புழுவே இல்லாத மூச்சுக் குழலில் அதே நஞ்சைக் கொட்டினால் வெந்துபோவது நம் சொந்தச் சவ்வுதான். ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவில் நடப்பது பெரும்பாலும் இதுவே.

எவ்வாறு நடக்கிறது என்பதைச் சற்று விரித்துக் காண்போம். வீட்டுத் தூசியில் கண்ணுக்குப் புலப்படாத பூச்சி ஒன்று வாழ்கிறது. தூசியால் வரும் இரைப்புக்கு அதுவே தலையாய காரணம் என்பதை ஹாலந்து தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 1964இல் நிலைநாட்டினர். ஈரக்காற்றுள்ள இடத்தில், பழைய பாயிலும் தலையணையிலும் அது செழிக்கும். கடலோரத்தில் வாழும் நமக்கு அதன் உறவு தவிராதது. அப்பூச்சியின் கழிவு மூச்சோடு உட்புகும்போது, மூச்சுக் குழலின் சவ்வில் காவல் நிற்கும் கிளையணுக்கள் அதனைப் பிடித்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குச் செல்கின்றன. அங்கே உதவி டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்களுக்கு அதனைக் காட்டுகின்றன. பெரும்பாலோரிடத்தில் அவை "இது தூசிதான், விட்டுவிடலாம்" என்ற முடிவுக்கு வந்துவிடும். சிலரிடத்தில் மட்டும், பெரும்பாலும் பரம்பரைக் கூறு உள்ளவரிடத்தில், அவை இதனைப் புழுவாகக் கருதி, புழுவை எதிர்ப்பதற்குரிய ஏற்பாடுகள் அனைத்தையும் தொடங்கிவிடுகின்றன. இவ்வகைக்கு இரண்டாம் வகை உதவி டி அணுக்கள் என்று பெயர். மூச்சுக் குழலின் மேற்சவ்வும் தன் பங்குக்கு அபாயச் செய்திகளை அனுப்பி இவற்றை மேலும் தூண்டுகிறது.

அவ்வேற்பாடுகளில் முதலாவது, ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருளைப் பி அணுக்கள் உண்டாக்குவது. இப்படி ஒரு பொருள் இரத்தத்தில் உலவுகிறது என்பதை மருத்துவர்கள் நெடுநாள் ஊகித்திருந்தனர். 1921இல் பிராவ்ஸ்னிட்ஸ் என்பவர், மீன் உண்டால் உடலெல்லாம் தடிக்கும் இயல்புடைய தம் தோழர் கியூஸ்ட்னரின் இரத்தநீரைத் தம் தோலுக்குள் செலுத்திக்கொண்டார். பின்னர் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். மீனை உண்டு வாழ்நாள் முழுதும் ஒரு துன்பமும் அறியாத அவர் தோல் அவ்விடத்தில் மட்டும் தடித்தது. அந்த மர்மப் பொருளைப் பிரித்தெடுத்து ஐ.ஜி.ஈ. எனக் காட்டியவர்கள், 1966ஆம் ஆண்டில் ஜப்பானியத் தம்பதிகளான இஷிஸாகா இருவர். சுவீடன் நாட்டவர் சிலரும் அதே காலத்தில் தனிவழியில் அதனைக் கண்டனர்.

ஐ.ஜி.ஈ. சென்று அமர்வது, எர்லிக் கண்ட மாஸ்ட் அணுக்களின் மேல். அடுத்த முறை அதே தூசி உட்புகுந்தால் மாஸ்ட் அணுக்கள் சில நிமிஷங்களில் வெடித்து ஹிஸ்டமின் முதலிய பொருள்களைச் சிந்துகின்றன. மூச்சுக் குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி சுரக்கிறது, இழுப்பு வருகிறது. இது முதல் தாக்குதல். இதற்கிடையே உதவி டி அணுக்கள் இன்டர்லூக்கின்-5 என்னும் அழைப்பை எலும்பு மஜ்ஜைக்கு அனுப்புகின்றன. ஈஸ்னோபில்கள் பெருகி, சில மணி நேரத்தில் மூச்சுக் குழலில் வந்து குவிகின்றன. மாலையில் தூசி தட்டியவர் நள்ளிரவில் மீண்டும் இழுப்பால் எழுவதற்கு ஒரு காரணம் இது. இவ்விரண்டாம் தாக்குதல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் குழலின் சுவரே தடித்துவிடும். ஆஸ்துமாக்காரரின் சளியில் ஊசி போன்ற பளிங்குத் துணுக்குகள் இருப்பதை லைடன் 1872இல் கண்டார். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1853இலேயே வேறொரு நோயில் இவற்றைக் கண்டிருந்தார். இவை மடிந்த ஈஸ்னோபில்களின் புரதம் படிந்து உண்டானவை. வெறும் எச்சமென்று எண்ணப்பட்டு வந்த இத்துணுக்குகள் தாமே அழற்சியை வளர்க்கின்றன என்பது 2019இல்தான் தெரியவந்தது.

எல்லா ஆஸ்துமாவும் ஈஸ்னோபில்களால் வருவதன்று என்பதையும் ஈண்டுக் கூறவேண்டும். சிலரிடத்தில் நியூட்ரோபில் என்னும் வேறு வெள்ளணுவே மேலோங்கி நிற்கிறது.

இனிச் சித்தப்பாவின் மாத்திரைக்கு வருவோம். அதன் கதை தொடங்குவது, அன்றைய சித்தூர் ஜில்லா மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் க்ஷயரோக மருத்துவமனையில். இராத்திரி இருமல், இளைப்பு, லேசான காய்ச்சல், எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் முழுவதும் புள்ளி புள்ளியாக நிழல் என்ற நிலையில் சிலர் அங்கு வந்தனர். பார்த்த மாத்திரத்தில் க்ஷயம் என்றே சொல்லத் தோன்றும். ஆனால் சளியில் க்ஷயக் கிருமி இல்லை. இரத்தத்திலோ ஈஸ்னோபில்கள் அளவுகடந்து பெருகியிருந்தன. ஃப்ரிமோட்-மொல்லர், பார்ட்டன் என்னும் இருவர் இதனைப் போலிக் க்ஷயம் என்று 1940இல் எழுதினர். 1943இல் வைன்கார்ட்டன் என்பவர் இதற்கு வெப்பமண்டல ஈஸ்னோபீலியா என்று பெயர் சூட்டி, பாஷாணம் சேர்ந்த ஊசிமருந்தால் இது குணமாவதைக் காட்டினார். மேகநோய்க்கு அந்த ஊசி போடப்பட்ட ஒருவருக்கு இருமலும் நின்றுபோனதிலிருந்து தற்செயலாகக் கிடைத்த மருந்து அது. ஈஸ்னோபீலியா என்ற சொல் நம் நாட்டு வீடுகளில் புகுந்தது இக்காலத்துக்குப் பின்னரே. காரணம் என்னவென்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. க்ஷயமென்று எண்ணி மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவர்களும், ஆஸ்துமாவென்று எண்ணி வேலையை விட்டவர்களும் எத்தனை பேரோ!

பாஷாணத்தைவிட நல்ல மருந்து ஒன்று விரைவில் கிடைத்தது. அதன் பெயர் டையெத்தில் கார்பமசின், வியாபாரப் பெயர் ஹெட்ரசான். யானைக்கால் நோய்க்கு மருந்தாக 1947இல் இதனை வெளியிட்டது அமெரிக்காவிலுள்ள லெடர்லி ஆராய்ச்சிச் சாலை. அதன் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர், பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். மாணவப் பருவத்தில் காந்தியடிகளின் அழைப்புக்கிணங்கிக் கதரால் தைத்த அங்கியை அணிந்து அறுவை மருத்துவ வகுப்புக்குச் சென்றதால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்தையும் இழந்தவர் அவர். கைத்தறிக்காரர்களாகிய நாம் அவர் பெயரை மறத்தல் தகாது.

1950களில் இம்மருந்தை வெப்பமண்டல ஈஸ்னோபீலியாவுக்கும் கொடுத்துப் பார்த்தனர். சிங்கப்பூரில் தம்பு ஜான் தனராஜ் என்னும் மருத்துவர் 1958இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பெயர்பெற்றது. ஆண்டுக்கணக்கான இருமல் சில தினங்களில் தணிந்தது. யானைக்கால் புழுவைக் கொல்லும் மருந்து இருமலை ஏன் போக்கவேண்டும் என்ற கேள்வி எழுந்தது. கண்ணால் கண்ட சான்று நமக்கு அண்மையிலுள்ள வேலூரிலிருந்து வந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த வெப், ஜாப், கால்ட் என்னும் மூவர், இந்நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றிலிருந்து எடுத்த சிறு துண்டுகளில் யானைக்கால் புழுவின் இளங்குஞ்சுகள் அகப்பட்டு மடிந்து கிடப்பதை 1960இல் காட்டினர்.

ஆக, யானைக்கால் புழு உடலில் இருந்தும் இவர்களுக்குக் கால் வீங்குவதில்லை. இரத்தத்தில் குஞ்சுகளைத் தேடினாலும் கிடைப்பதில்லை. ஏனெனில் இவர்களுடைய வெள்ளணுக்கள் அக்குஞ்சுகளை நுரையீரலில் மடக்கி அங்கேயே கொன்றுவிடுகின்றன. கொல்லும் வேகத்தில் ஈஸ்னோபில்கள் நுரையீரலையும் புண்ணாக்கிவிடுகின்றன. புழு புகுந்தவர் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இந்நிலை நேர்கிறது. இதற்கு ஆளாவோரில் பெரும்பாலோர் 15 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆடவர். சம்பாதிக்கும் வயது என்று சொல்லவேண்டியதில்லை.

இப்புழுவை நமக்குக் கொண்டுவந்து சேர்ப்பது கியூலெக்ஸ் இனத்துக் கொசு. அது முட்டையிடுவது தேங்கிய அழுக்கு நீரில். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நகரை இரண்டாகப் பிரித்த பெரிய வாய்க்கால் முதல் வீட்டுப் பின்புறத்துச் சாக்கடைக் குழி வரை, புதுச்சேரியில் இக்கொசுவுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. இங்கு 1975இல் கொசு முதலியவற்றின் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவியது. அம்மையம் 1981 முதல் 1985 வரை நகரின் சாக்கடைகளையும் குழிகளையும் கிணறுகளையும் கணக்கெடுத்துக் கொசுவை ஒடுக்கும் பெருந்திட்டம் ஒன்றை நடத்தியது. அதே காலத்தில் காரைக்காலில் சமையல் உப்பிலேயே டையெத்தில் கார்பமசினைச் சிறிதளவு கலந்து மக்களுக்கு வழங்கினர். யானைக்கால் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை இம்மாத்திரையை எல்லோருக்கும் வழங்கும் திட்டம் 2004இல் நாடு தழுவியதாயிற்று. வீடு தேடி வந்த மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு விழுங்காமற் போனவர்கள் நம் அங்கத்தினர்களுள்ளும் உண்டு என்பதை ஒளிப்பானேன்?

நெசவாளருக்கு இப்புழு இழைக்கும் நஷ்டத்தையும் அம்மையத்தார் அளந்திருக்கின்றனர். தென்னிந்தியச் சிற்றூர் ஒன்றின் ஆண் நெசவாளர்களைப் பற்றி 1996இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, யானைக்கால் நோய் முற்றியவர் ஒரு நாளில் நெய்யும் துணி, நோயற்றவர் நெய்வதைவிடக் கால் பங்குக்கும் மேலாகக் குறைந்திருந்தது. இரவெல்லாம் இருமியவர் காலையில் எத்தனை முழம் நெய்வார் என்பதை யாரும் அளந்ததாக நாம் அறியோம். நம் சங்கத்தின் கூலிக் கணக்கைப் புரட்டினால் ஒருவாறு தெரியலாம்.

நோயைக் காலத்தில் கண்டறிவதன் அவசியத்தைச் சென்னைச் சேத்துப்பட்டிலுள்ள க்ஷயரோக ஆராய்ச்சி மையத்தில் நடந்த ஆய்வுகள் தெளிவாக்கின. மருத்துவர் விஜயனும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, நோயாளிகளின் நுரையீரலுக்குள் உப்புநீரைச் செலுத்தி, திரும்ப உறிஞ்சி, அதில் வந்த அணுக்களை எண்ணினர். நல்ல நுரையீரலில் ஈஸ்னோபில் அரிது. இவர்களிடத்திலோ அணுக்களில் ஏறக்குறைய பாதி ஈஸ்னோபில்களாக இருந்தன என்று 1987இல் வெளியிட்டனர். மருந்து கொடுத்தபின் அவை வேகமாகக் குறைந்தன. எனினும் பலரிடத்தில் சிறிதளவு அழற்சி மாதக்கணக்கில் நீடித்தது. கவனியாது விட்டால் நுரையீரலில் தழும்பு விழுந்து, பின்னர் எம்மருந்தாலும் மீளாத மூச்சுத் திணறலாக அது முடியும். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஆஸ்துமா என்று எண்ணி ஸ்டிராய்டு மருந்து கொடுத்தால் இந்நோயும் தற்காலிகமாகத் தணியும். நோயாளி குணமென்று நம்புவார், உள்ளே புழுவும் தழும்பும் வளரும். மறுபுறத்தில், உண்மையான ஆஸ்துமாக்காரர் புழு மாத்திரையை விழுங்கிக்கொண்டு, தமக்கு வேண்டிய உறிஞ்சு மருந்தைக் கைவிட்டால், ஒரு மழைக்கால இரவில் மூச்சடைத்துப் போகவும் கூடும்.

பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சிறுக்கம் இவ்விரண்டுக்கும் வேறானது. இந்நகரில் ஆலைச் சங்குக்கு எழுந்து பணிக்குச் சென்ற தலைமுறைக்கு அது தெரிந்திருக்கும். ஞாயிறு ஓய்ந்து திங்கட்கிழமை பஞ்சுக் கூடத்தில் நுழைந்ததும் நெஞ்சு பிடிக்கும், வாரக்கடைசியில் தளரும். பஞ்சில் ஒட்டிய நுண்கிருமிகளின் நஞ்சே அதற்குப் பெரும்பாலும் காரணம். அங்கே முன்னிற்பவை ஈஸ்னோபில்களல்ல, நியூட்ரோபில்கள். கழனியில் வெறுங்காலோடு நடக்கும் பயிர்த்தொழிலாளருக்குக் கொக்கிப்புழுவாலும் ஈஸ்னோபில் உயரும். மலப் பரிசோதனை ஒன்றால் அது தெரிந்துவிடும்.

சீட்டைப் படிக்கும் கணக்கு எளிது. நூற்றுவீதத்தை மட்டும் பார்த்து மிரளவோ மகிழவோ கூடாது. வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கையை அவ்வீதத்தால் பெருக்கி நூறால் வகுக்கவேண்டும். ஒரு கனமில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 500 வரை இயல்பு. ஒவ்வாமை ஆஸ்துமாவில் அதற்குச் சற்று மேலே நிற்பது வழக்கம், சில வேளை இயல்பாகவும் இருக்கும். வெப்பமண்டல ஈஸ்னோபீலியாவிலோ 3,000க்கு மேல் செல்லும். பதினாயிரத்தைத் தாண்டுவதும் அரிதன்று. ஐ.ஜி.ஈ. அளவும் மிக உயர்ந்து, யானைக்கால் புழுவுக்கு எதிரான எதிர்ப்பொருளும் இரத்தத்தில் இருந்தால் மருத்துவருக்கு ஐயம் தீரும். அப்போதுதான் உடல் எடைக்கேற்ப மூன்று வாரம் டையெத்தில் கார்பமசின். கொசுவும் சாக்கடையும் ஒடுங்கிய அளவுக்கு இந்நோயும் அருகிவருவதால், இளம் மருத்துவர் சிலர் இதனை நேரில் கண்டிருக்கமாட்டார். இரவு இருமலோடு எண்ணிக்கை மிக உயர்ந்திருப்பவர், "யானைக்கால் புழுவுக்குச் சோதிக்க வேண்டுமா?" என்று தாமே மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை.

நம் அங்கத்தினரின் சீட்டுக்கு இக்கணக்கைப் போட்டால் வருவது 720. அவரை ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்பினோம். மூச்சை ஊதி அளக்கும் கருவியில் ஊதச் செய்து, ஆஸ்துமா என்று கூறி, உறிஞ்சு மருந்து கொடுத்தார்கள். உறிஞ்சு மருந்து பழக்கமாகிவிடும் என்று அண்டை வீட்டார் சொன்னதால் முதலில் தயங்கினார். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் கொள்வதை இதில் மைக்ரோகிராம் கணக்கில், வேண்டிய இடத்துக்கே அனுப்புகிறார்கள் என்பதையும், அது தணிக்க முயல்வது தேவையின்றிக் கூடிய அந்த ஈஸ்னோபில்களைத்தான் என்பதையும் விளக்கிய பின்னர் இசைந்தார். சித்தப்பாவின் பழைய சீட்டு வீட்டுப் பெட்டியில் இருப்பதாகச் சொல்லி, மறுவாரம் அதனைத் தேடியெடுத்துக் கொண்டுவந்தார். மை மங்கியிருந்தது. மொத்தம் 18,000, ஈஸ்னோபில் நூற்றுக்கு 60. கணக்கை அவரே போட்டார்: 10,800.